நரிக்கு விழுந்த ஓட்டு

காட்டுத் தலைவர் தேர்தலில் நரி நின்றது. பிரசாரத்துக்கு ஒரு மைனாவைப் பிடித்துக்கொண்டது.

காலையில் கோழிகள் கூட்டத்தில் மைனா முழங்கியது: "நரியண்ணன் ஜெயிச்சா எல்லாக் கூண்டுக்கும் பூட்டு!"

கோழிகள் சிறகடித்து ஆரவாரம் செய்தன. செவலைக் கோழி மட்டும் கேட்டது: "பூட்டு சரி தம்பி, சாவி யாருகிட்ட இருக்கும்?"

"அதைச் சாயங்காலம் காட்டுப்பூனைங்க கூட்டத்துலதான் சொல்லணும்னு உத்தரவு, அக்கா" என்றது மைனா வெள்ளந்தியாக.

கோழிகள் சத்தமில்லாமல் கலைந்தன.

சாயங்காலம் மைனா பூனைகளிடம், "கூண்டுச் சாவியெல்லாம் உங்களுக்கே!" என்றது.

"இதுவரை இல்லாத பூட்டை எவன் போடச் சொன்னது?" என்று அவை சீறின.

தேர்தலில் நரிக்கு விழுந்தது ஒரே ஓட்டு, அதுவும் அதன் சொந்த ஓட்டு.

"நீகூடவா எனக்குப் போடலை?" என்று நரி பாய்ந்தது.

மைனா உயரக் கிளைக்குப் பறந்தது. "ரெண்டு கூட்டத்துலயும் இருந்தது நான் மட்டும்தானே, அண்ணே!"