சீரில்லாத இடைவெளி

கிரேன் ஓட்டுநர் அந்த ஈ.சி.ஜி. காகிதத்தைக் கசக்கினாரா, கசக்கப் போய் நிறுத்திக்கொண்டாரா என்பது மருத்துவரின் உதவியாளராக அறையில் நின்ற எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. கத்தியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஆலை மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"முப்பத்தோரு வருஷமா கிரேன் ஓட்டுறேன். ஒரு நட்டு கீழ விழுந்ததில்ல. என் நெஞ்சு சரியில்லன்னு சொல்ல வர்றீங்களா?"

"அப்படி நான் சொல்லவே இல்லையே," என்றார் மருத்துவர். வெளியே ஒரு லேபில் முந்தின நாள் எடுத்த ஈ.சி.ஜி. அவர் முன் விரிந்து கிடந்தது. மேலே கிரேன் ஓட்டுநரின் பெயரும் ஐம்பத்தெட்டு என்ற வயதும் இருந்தன.

"துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவுல இடைவெளி ஒரே மாதிரி இல்ல. கொஞ்சம் நெருங்கி வருது, அப்புறம் விலகிப் போகுது. அதைத்தான் என்னன்னு கேட்டேன்."

துணைக்கு வந்து சுவரோரம் நின்ற மகனின் கை மெல்லத் தன் நெஞ்சுக்குப் போனது.

"மெஷின் ஓட்டையா இருக்கும்! இன்னும் எட்டு மாசத்துல எனக்கு ஓய்வு. அதுக்குள்ள என்னை வீட்டுக்கு அனுப்பணும், அதானே?" சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை அனுப்பணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? கையைக் குடுங்க."

மருத்துவர் அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்தார். "மெதுவா மூச்சை இழுங்க. விடுங்க. மறுபடியும்."

"மூச்சு மாறியும் துடிப்பு மாறலியே," என்று மருத்துவர் மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"என்ன விளையாட்டு இது?" அவர் கையை உதறினார்.

"டாக்டர்..." மகன் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல் கேட்டான். "அது பெரிய வியாதியா? சின்ன வயசுலயே வருமா?"

"நீ வாயை மூடுடா!"

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "வியாதியே இல்ல. மூச்சை உள்ள இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமா துடிக்கும், விடும்போது நிதானமாகும். இளவட்டங்களுக்குத்தான் அது இவ்வளவு பளிச்சுனு தெரியும். வயசு ஏற ஏற மங்கிடும்."

கிரேன் ஓட்டுநர் ஏதோ கத்துவதற்கு வாயைத் திறந்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவர் காகிதத்தை மகன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"உங்க இதயத்துக்கு ஒண்ணும் இல்ல தம்பி, பயப்படாதீங்க. இப்ப அப்பாவைப் படுக்கச் சொல்லுங்க, அவரோட ஈ.சி.ஜி.யை எடுப்போம்."