பூதக்கண்ணாடி அம்மா

"போட்டோ எல்லாம் எடுக்கக் கூடாதும்மா. போனை உள்ள வை."

கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல அந்தப் பெண் சட்டென்று போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

லுத்தரன் சபையின் பதிவேட்டு அறையில் இது சட்டம். போட்டவர் பாதிரியார் அல்ல, எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தர் அம்மாள்தான். சபையில் அவருக்குப் பெயரே 'பூதக்கண்ணாடி'. நூறு வருஷத்து ஞானஸ்நான ஏடுகளை லென்ஸ் வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பவர். ஒரு தேதி பிசகினாலும் பாதிரியாரையே திருப்பி எழுத வைத்துவிடுவார்.

"யாரோட பதிவு வேணும்? பாட்டியா, கொள்ளுப்பாட்டியா?"

"எங்க வீட்டு ஆளே இல்ல மேடம். எங்கப்பா ஒரு காலத்துல கட்டிக்க இருந்தவங்களோட அம்மா பதிவு."

எழுத்தர் அம்மாள் லென்ஸைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "விவரமாச் சொல்லு."

"முப்பத்தெட்டு வருஷம் இருக்கும். இந்தக் கோயில்லயே ரெண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு வாசிச்சாச்சு. மூணாவது வாரம் நின்னுபோச்சு. பொண்ணோட அம்மா அநாதை இல்லத்துல வளர்ந்தவங்க. பெத்தவங்க யாருன்னு ஏட்டுல தேடினா, எங்கப்பாவோட அம்மாவழித் தாத்தா பாட்டி பேர் இருந்துச்சாம்."

"அப்போ ரெண்டு பேரோட அம்மாவும் அக்கா தங்கச்சி."

"ஆமா, அந்தப் பொண்ணு அப்பாவுக்குத் தங்கச்சி முறையாயிட்டாங்க. அப்பா அப்படியே எழுந்து போனவர்தான், ஊரையே விட்டுட்டார். இப்ப ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு ஒரே புலம்பல். 'இன்னொரு தடவை பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேனே, அவ கல்யாணமே பண்ணிக்கலையாமே, அந்தப் பதிவு தப்பா இருந்தா நான் எப்படிக் கண்ணை மூடுவேன்'னு அழறார். டாக்டர் ரெண்டு வாரம்கூடச் சொல்லலை மேடம்."

எழுத்தர் அம்மாள் எழுந்தார். பெயர்ப் பட்டியலைப் பார்க்காமலே மூன்றாவது தட்டிலிருந்து ஓர் ஏட்டை உருவி மேஜையில் வைத்துப் புரட்டினார்.

"சில பேருக்குப் பக்கத்துல சின்னதா சிலுவை போட்டிருக்கே, எதுக்கு மேடம்?"

"அதெல்லாம் பிழைக்காத குழந்தைங்க. ஞானஸ்நானம் ஆன கையோட போயிட்டா ஓரத்துல சிலுவை போட்டுடுவாங்க. அதைக் கவனிக்காம, செத்த குழந்தையைப் போய் பாட்டின்னு எழுதிட்டுப் போறவங்களும் உண்டு."

பேசிக்கொண்டே ஒரு பக்கத்தில் நிறுத்தி, ஓரத்தில் இடது கை விரலை ஊன்றினார். "இதோ."

அந்தப் பெண் குனிந்து படித்தாள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தகப்பன், தாய். அப்பாவின் தாத்தா பாட்டியேதான்.

"நல்லாப் பாருங்க மேடம். சரியா இருக்கா?"

எழுத்தர் அம்மாள் லென்ஸைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சரியா இருக்கு. உங்கப்பா மேல ஒரு தப்பும் இல்ல. இன்னும் நூறு தடவை பார்க்கச் சொல்லியிருந்தாலும் இதேதான் வந்திருக்கும். நிம்மதியா இருக்கச் சொல்லு."

அந்தப் பெண்ணுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எழுத்தர் அம்மாள் விரலை எடுக்காமலே, வலது கையால் நகல் எழுதி முத்திரை குத்தினார்.

"உங்க பேரு மேடம்? யார் பார்த்துச் சொன்னாங்கன்னு அப்பா கேப்பார்."

"பேரெல்லாம் எதுக்கு? அவர் தங்கச்சியே பார்த்துச் சொன்னான்னு சொல்லு. புரிஞ்சுக்குவார்."

அந்தப் பெண் திகைத்து நின்றாள். பிறகு அவருடைய வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை! ஒரு தடவை அப்பாவை வந்து பாருங்களேன்."

"நேரமாச்சு, நீ போம்மா. அவர் காத்துக்கிட்டிருப்பார்."

காலடிச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. இரண்டு பக்கம் தள்ளி, அதே பெயரில், அநாதை இல்லத்திலிருந்து வந்த, பெற்றோர் தெரியாத இன்னொரு குழந்தையின் பதிவு இருந்தது. இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். என்ன பிரயோஜனம், அதற்குள் இந்தப் பெண் பிறந்துவிட்டிருந்தாள்.

எழுத்தர் அம்மாள் மெல்ல விரலை எடுத்தார். கண் மங்கிய பழைய எழுத்தர் கவனிக்காமல் விட்ட அந்தச் சின்னச் சிலுவை, ஓரத்தில் அப்படியே இருந்தது.