புகைபோக்கிப் புகார்

பர்மிங்காம் கால்வாய்க்கரையில் நடந்தே கிளைவுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. பதினான்கு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் படகுகளுக்கு நோட்டீஸ் ஒட்டுவது அவர் வேலை.

பச்சைப் படகின் கதவைத் தட்டினார். அதிலேயே குடியிருக்கும் நீல், இருமிக்கொண்டே எட்டிப்பார்த்தான்.

"நாளைக்குத்தானே கெடு? காலையில கயித்த அவுத்துடறேன். ஆள விடுங்க, கிளைவ்."

"அதுக்கு வரலப்பா. நாலு வருஷமா நீ எங்க போய்க் கட்டினாலும் ஒரு கிழவி தேடி வந்து பாத்துட்டு உன்மேல புகார் எழுதுது. பேர் போடறதில்ல, வெறும் விலாசம்தான்; கோணல் கையெழுத்த வெச்சுத்தான் கிழவின்னு சொல்றேன். படகு அடுத்து எங்க போச்சுன்னு கண்டிப்பா பதில் போடணுமாம். நானும் போட்டுத் தொலைக்கிறேன்."

"என்ன புகாராம்?"

"ஈர விறக எரிச்சுப் புகை கெளப்புறியாம். நீ இருமுறது கரை வரைக்கும் கேக்குதாம்."

நீல் அலுப்போடு சிரித்தான். "புகை ஆகாதவங்க எந்தக் கரையிலதான் இல்ல?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னிக்கு வந்தத நீயே படி."

நீல் வாங்கிப் படித்தான்.

'இரண்டு நாட்களாக அந்தப் படகின் புகைபோக்கியில் புகையே வரவில்லை. தயவுசெய்து உடனே போய்க் கதவைத் தட்டிப் பார்க்கவும்.'

கீழே இருந்த விலாசத்தையே அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விறகு தீந்துபோச்சு, அவ்வளவுதான்" என்றான் கடைசியில். "இந்தத் தடவ நீங்க பதில் போட வேணாம், கிளைவ். அம்மாவுக்கு நானே போட்டுக்கறேன்."