முடிவு நோயாளியுடையது

பேச்சிராஜாவைச் சக்கர நாற்காலியோடு மூன்று படி தூக்கி உள்ளே வைத்துவிட்டு, பக்கத்து வடாபாவ் கடைக்காரர்கள் இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மாட்டுங்காவின் அந்தப் பல் கிளினிக்கில் சாய்தளம் இல்லாமல் இல்லை. எவர்சில்வர் கைப்பிடியெல்லாம் வைத்து ஜோராகத்தான் கட்டியிருந்தார்கள். அதன் மேல் குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக இருந்தன.

நாலு நாளாகத் தாராவி வீட்டில் ஒரு கடைவாய்ப் பல் யாரையும் தூங்க விடவில்லை. இன்று அதைப் பிடுங்காமல் திரும்புவதில்லை என்று பேச்சிராஜா வந்திருந்தான்.

டாக்டர் ஷ்ருதி எழுந்து வந்தே வரவேற்றார். மாற்றுத்திறனாளிகள் சட்டம் பற்றி மூன்று நாள் பயிற்சி முடித்தவர். சான்றிதழ் சுவரில் இருந்தது. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், ‘முடிவு நோயாளியுடையது’.

எப்போதும் நோயாளியிடம் நேராகப் பேச வேண்டும், கூட வந்தவரிடம் பேசக் கூடாது, அதுதான் சட்டத்தின் உயிர் என்று விளக்கினார்.

விளக்கியது அவன் அம்மா கோமதியம்மாளிடம்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏம்மா, இவருக்கு நாம பேசறதெல்லாம் புரியுமோ?”

பேச்சிராஜா தொண்ணூறடி ரோட்டில் ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருப்பவன். பாதித் தாராவியின் ரேஷன் கார்டும் ஆதாரும் அவன் கை வழியாகப் போனவை. அந்தச் சட்டத்தையே வரி விடாமல் படித்தவன். பேச்சு மட்டும் பிறவியிலிருந்தே ஸ்லோ லோக்கல் ரயில் மாதிரி நின்று நின்றுதான் வரும்.

“எ... னக்கு...” என்பது வரைக்கும் வந்தது. அதற்குள் டாக்டர் அவன் கன்னத்தைத் தட்டி, பயப்படக் கூடாது என்று கொஞ்சிவிட்டார்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி, தட்டில் அடுக்கியிருந்த குறடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவனுக்கு பயம்னா என்னன்னே தெரியாது டாக்டரம்மா. நீங்க பாட்டுக்கு இழுங்க.”

சம்மதப் படிவம் ‘பொறுப்பானவர்’ கைக்குப் போனது. வீட்டுக்கு வருகிற எந்தத் தாளையும் செய்வதுபோல, அவள் அதை மகன் மடியில் போட்டாள். அவன் முழுக்கப் படித்தான். கட்டம் கட்டமாக நிரப்பினான். அவன் விரல் வைத்த இடத்தில் அவள் கட்டைவிரலை உருட்டினாள். ரேகை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு டாக்டர் அதை ஃபைலில் செருகினார்.

அவன் வாய் திறந்து அடுத்த சொல் வருவதற்குள், உதவிக்கு இருந்த இரண்டு பேர் அவனைத் தூக்கிச் சாய்வு நாற்காலியில் கிடத்தினார்கள். கிளினிக்கின் இன்ஸ்டாகிராமுக்காக ஒரு போட்டோ எடுத்தார்கள். அதற்குப் படிவம் எதுவும் இல்லை.

விளக்கு எரிந்தது. டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். மேல் வரிசை. கீழ் வரிசை. மறுபடி மேல் வரிசை. முப்பத்திரண்டும் மணிமணியாக இருந்தன.

அப்போதுதான் ஃபைலைத் திறந்து படித்தார்.

‘நோயாளி: கோமதியம்மாள். உடன் வந்தவர்: மகன் பேச்சிராஜா.’

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

பேச்சிராஜா கண்ணாடிக் கதவு வழியே பார்த்தான். முட்டுவலியால் படி இறங்க முடியாத அம்மா, இரண்டு தொட்டிகளைக் காலால் தள்ளிவிட்டு, எவர்சில்வர் கைப்பிடியைப் பிடித்தபடி, சாய்தளத்தில் விறுவிறுவென்று இறங்கிக்கொண்டிருந்தாள்.