சமையலறை வாசல் பள்ளம்

வைதேகியின் வீட்டில் நாற்காலி, தரை, சுவர் எல்லாமே உடம்பின் பாரத்துக்கு நாளடைவில் மெல்லக் குழிந்து, அந்த வடிவத்திலேயே நின்றுவிடுபவை. புதிதாக வந்த மருமகள் நிவேதா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இது மாமா நாற்காலி, இது உங்களுது. சமையலறை வாசல்ல, தரையில இருக்கிற பள்ளம் யாருது அத்தை?"

வைதேகி வாய் திறப்பதற்குள், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பூங்காவனம் சிரித்தாள். "என்னுதுதான் கண்ணு. வேலைக்கு வந்த நாள்லேர்ந்து நான் காப்பி குடிக்கிற எடம். செவுத்துல முதுகுகூட பதிஞ்சிருக்கு பாரு."

விருந்தாளிக்கென்று வாங்கிய நாற்காலி மட்டும் இன்னும் ஒரு குழிவும் இல்லாமல் கிடந்தது. வைதேகிக்கு முகம் கன்றியது. அவசரமாக அதை இழுத்துப் போட்டாள்.

"இனிமே இதுல உக்காரு, பூங்காவனம்."

பூங்காவனம் நுனியில் உட்கார்ந்து பார்த்தாள். "கல்லாட்டம் இருக்கும்மா. இது பழக நாளாவும். எனக்கு அதான் வாகு" என்று டம்ளரோடு தன் பள்ளத்துக்கே போய்விட்டாள்.

'உக்காந்தாத்தானே பழகும்' என்று வைதேகி சொல்லியிருக்கலாம். ஆனால், நெஞ்சுக்குள் நிம்மதிதான் பரவியது. நிவேதா தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்ததும், நாற்காலியைத் திரும்ப எடுத்து வைக்க அவளுக்குக் கை எழவில்லை.