வளையத்தில் இருந்த எண்

பங்குனியில் வடக்கே திரும்பும் வாத்துகளைப் பாகூர் ஏரியில் பிடித்து, காலில் எண் வளையம் மாட்டிப் பதிவு செய்பவர் தனிஸ்லாஸ். நடவு வேலை செய்யும் நாகம்மாள் அப்படியொரு வளையத்தை அவரிடம் நீட்டினாள்.

"முந்தாநாள் நான் மாட்டுனது. எங்கம்மா கெடச்சுது?"

"மருந்தடிச்ச வயல்ல வாத்து செத்துக் கெடந்துச்சு சார். வூட்டுக்காரரு எடுத்தாந்தாரு, கொழம்பு வச்சேன்."

"செத்ததையா தின்னீங்க?"

"அவுரு மட்டும் தின்னாரு. நேத்து சாயந்தரமே செத்துப் போய்ட்டாரு. நான் வெஷம் வச்சேன்னு போலீசு கூப்புடுது. வாத்துக்கு முன்னயே சீக்குன்னு எழுதியிருப்பீங்கல்ல?"

தனிஸ்லாஸ் நோட்டைப் புரட்டினார். பிடித்தபோதே அந்த வாத்து தலை தொங்கித்தான் கிடந்தது. சீக்குப் பறவைக்கு வளையம் மாட்டக் கூடாது; மாட்டிய எண்ணிக்கை குறையக் கூடாதென்று, 'நல்ல ஆரோக்கியம்' என்று எழுதியிருந்தார்.

நோட்டோடு எழுந்தார்.

"ஸ்டேஷனுக்கு நானும் வரேம்மா. பொய் எழுதுனது நான்தான்."