இடது பக்கம் இரண்டு விரல்

தங்கப்பாண்டியன் அண்ணாச்சியின் ஃபியட், முன்னால் இடது பக்கம் இரண்டு விரல்கடை தணிந்து நின்றது.

இருபது வருடப் பழைய வண்டி. தணிவது அதிசயமில்லை. ஆனால் தனியாளாக ஓட்டுகிற காரில் டிரைவர் பக்கம்தான் அமுங்கும். இவர் காரில் ஆளே உட்காராத பக்கம் அமுங்கியிருந்தது. திருத்தங்கலில் இத்தனை வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், எனக்கே பிடிபடவில்லை.

காற்றுப் பார்த்தேன், சரியாக இருந்தது. சமதரையில் நிறுத்தி முன்சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டேன். அப்போதும் இடதுதான் தணிந்தது. கடைசியில் ஜாக்கி வைத்து இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றித் தரையில் நிறுத்திப் பார்த்தேன். இடது ஸ்பிரிங் குட்டையாகிப் போயிருந்தது.

“சீசனுக்கு முன்சீட்டுல பட்டாசுப் பெட்டி அடுக்குனீகளா அண்ணாச்சி?”

“ஏலே, மொளகா வெள்ளாம பாக்குறவன் நான். பட்டாசு எதுக்குலே ஏத்தப்போறேன்?”

மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயை மூடிக்கொண்டு முதலில் இடது பக்கம் இருந்த டயரை உருட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் சிராய்ப்பு.

“இடது வீலை எங்கயோ மேட்டுல இடிச்சு ஏத்தி மணிக்கணக்கா நிப்பாட்டுறீக. மறைக்காமச் சொல்லுங்க.”

ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

விருதுநகரில் ஒரு சந்து. மிளகாய் லாரி போக வழிவிட வேண்டுமானால், பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு குடோனின் வாசல் மேட்டில் சக்கரத்தை ஏற்றித்தான் காரை நிறுத்த முடியும். வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் அங்கே போய் நிற்கிறாராம். எதிர்வீடு மகள் பாண்டிமீனாவுடையது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொத்தனாரைக் கட்டிக்கொண்டு போனவள் என் சாவுக்குக்கூட வரக் கூடாது என்று ஊரறியக் கத்தியவர் இவர்.

“எறங்க மாட்டேன்லே. கண்ணாடியக்கூட எறக்க மாட்டேன். பேத்தி வாசல்ல வெளயாடும், ரெட்டைச் சடை போட்டு. பேரு என்னன்னு தெரியல.”

சொல்லும்போதே குரல் உடைந்தது. ஒரு பெயருக்காக மனுஷன் இப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, புது ஸ்பிரிங் போட்டாலும் இப்படி இடித்து ஏற்றினால் தாங்காது என்றேன்.

“இப்ப இடிக்கல. போன மாசம் அங்கன சரிவா சிமெண்டு பூசியிருக்கு. நோகாம ஏறுது.”

“பூட்டிக் கெடக்குற குடோனுக்கு யாரு அண்ணாச்சி பூசுனா?”

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடித்தும் துண்டை எடுக்கவில்லை.

“காரு எப்பக் கெடைக்கும்?” துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்.

“ஸ்பிரிங் மதுரையிலருந்து வரணும். ரெண்டு நாளாகும்.”

“அம்புட்டு நாளு பொறுக்க முடியாதுலே” என்று எழுந்துவிட்டார். வெளியே விருதுநகர் பஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டினார்.

“காரு இல்லாம அங்கன எப்படி அண்ணாச்சி நிப்பீக?”

“நிக்கவாலே போறேன்?” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.